செவப்புதான் முதல்ல போகும்

இது மருதாணி இல்ல தம்பி, மை. நீங்களும் பஸ் ஏறினதுலருந்து என் நெகத்தையே பாத்துட்டு வாரிய, கேக்கவும் செய்யல. அதான் நானே சொல்லுதேன். பிரிண்டர் மை. சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. நெகக்கண்ணுல ஏறிட்டுன்னா, நெகம் வளந்து வெட்டினாத்தான் உண்டு.

நீங்க திருச்செந்தூருக்கா? நான் குரும்பூர்ல எறங்கி வேற வண்டி பிடிக்கணும். ஊரு ஏரலுக்குப் பக்கம். பேரு ஆதிலிங்கம். பள்ளிக்கூடத்துல லேப் அட்டெண்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முப்பத்தொரு வருசம் பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவின கை. ஒரு சொட்டு கூடாம குறையாம விடணும்னா என்னயத்தான் கூப்பிடுவாவ. அதனால இந்த மை விசயம் எனக்குச் சுளுவா வந்துட்டு.

மக காலேஜ்ல படிக்கையில புராஜெக்ட் அடிக்கணும்னு ஒரு பிரிண்டர் வாங்கினோம். பிரிண்டர் வெலை கொறச்சல்தான். மை தீந்து புது கார்ட்ரிட்ஜ் கேக்கப் போனா, கடைக்காரன் சொன்ன வெலைக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிரலாம் போல இருந்துச்சு. பேசாம வீட்டுக்கு வந்து வீடியோ பாத்தேன். ஸ்டிக்கரை உரிச்சா உள்ள ஓட்டை இருக்கும். அதுக்குள்ள பஞ்சு. ஊசியில மையை உறிஞ்சி, பஞ்சுக்கு நோகாம, மெதுவா விடணும். அவசரப்பட்டா பொங்கி ஒரு கலரோட இன்னொரு கலர் கலந்துரும். முதல் தடவை எனக்கு எல்லாம் சாணிக் கலர்ல வந்துச்சு. நாலாவது தடவை கண்ண மூடிட்டுச் செய்வேன். மை பாட்டில் எல்லாம் பேரு போடாத பாட்டில். தூத்துக்குடியில ஒரு கடையில கெடைக்கும்.

அப்புறம் தெருவுல எல்லாருக்கும் நாந்தான். ஆதார் காப்பியா, மனுவா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல கேக்க படமா, ஆதிலிங்கம் வீட்டுக்குப் போன்னு வருவாவ. யாருகிட்டயும் கைநீட்டி வாங்கினதில்ல. வாங்கினதில்லன்னு நானே சொல்லிக்கிடுவேன். ஆனா அவிய வந்து வாசல்ல நின்னு, "அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை"ன்னு கேக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு குளுமை இருக்கு பாருங்க. பள்ளிக்கூடத்துல யாரும் என்னய அப்படிக் கேட்டதில்ல. "ஏ ஆதி"ம்பாவ.

எங்க வீட்டுக்கு அடுத்த வீடு தேவசகாயம் வீடு. லாரி டிரைவர். என்னய அத்தான்னு கூப்பிடுவான், நான் மாப்ளம்பேன். சாதிசனம் ஒண்ணும் கெடையாது, அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். பக்கத்து வீட்டுப் பழக்கம்தான். அவன் பொண்டாட்டி ஞானசௌந்தரி, என் வீட்டுக்காரிகிட்ட ரொம்பப் பிரியமா இருக்கும். வெளிய போனா சாவியை எங்க வீட்டு ஆணியிலதான் மாட்டிட்டுப் போகும். பிள்ள குட்டி இல்ல. ரெண்டே பேருதான்.

அந்த மார்கழி வெள்ளம் வந்துச்சுல்லா, ஆத்துத் தண்ணி எங்க தெருவுல இடுப்புக்கு மேல நின்னுச்சு. அவிய வீட்டுல இரும்புப் பெட்டி தண்ணிக்குள்ள கெடந்து, கல்யாண ஆல்பம் கூழாப் போச்சு. அது போன மூணாவது மாசம், பங்குனியில, தேவசகாயம் சேலம் பக்கத்துல லாரிக்குள்ள படுத்தவன் எந்திரிக்கல. நெஞ்சு வலி. கொண்டாந்து அடக்கம் பண்ணினோம்.

படம் வைக்கணும்லா. அவனுக்கு போட்டோன்னாலே ஆகாது. லைசென்சுல இருக்க படம் ஸ்டாம்பு அளவு, அதுவும் இருவது வருசத்துக்கு முந்தினது. கடைசியில அவன் போன்லயே ஒரு படம் கெடந்துச்சு. அவிய கோயில் அசன விருந்துல எல்லாரும் பந்தியில உக்காந்து சாப்பிடுதப்ப யாரோ எடுத்திருக்காவ. இலைக்கு முன்னால உக்காந்து, வாயில சோத்தோட, எதையோ கேட்டுச் சிரிச்ச படம். அவ்வளவு லெச்சணமா அவன நேர்ல கூட நான் பாத்ததில்ல.

சௌந்தரி அந்தப் போனைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, ஸ்டுடியோவுல குடுத்தா நல்லா வருமா?"ன்னு கேட்டுச்சு. அம்புட்டுத்தான் கேட்டுச்சு. நான் பாட்டுக்கு, ஆமா, ஸ்டுடியோவுல குடுன்னு சொல்லிருக்கலாம். ஏரல் பஜார்லயே இருக்கு. அரை மணி நேர வேலை. நான் சொல்லல. நான் இருக்கப்ப ஸ்டுடியோ எதுக்குன்னு போனை வாங்கிட்டேன்.

இங்கதான் தம்பி, ஒண்ணு சொல்லணும். எங்க ஹால்ல என் மக பட்டம் வாங்கின படம் தொங்குச்சு. நான் அடிச்சதுதான். ஆறு மாசத்துல அது வெளிறிப் போச்சு. செவப்புதான் முதல்ல போகும். செவப்பு போனா முகம் பச்சையடிச்ச மாதிரி ஆயிரும், அப்புறம் மத்ததும் ஒவ்வொண்ணாப் போகும். அந்தப் படத்தைக் கழத்தி பீரோவுக்குப் பின்னால வச்சிட்டு, வீட்டுக்காரிகிட்ட, ஆணி ஆடுதுன்னு சொல்லியிருந்தேன். ஆக எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்ல முடியாது.

நல்ல வழுவழுப்பான பேப்பர் வாங்கி, ஊசியில புது மை ஏத்தி, ரெண்டு தடவை சரிபாத்து அடிச்சேன். என்ன மாதிரி வந்துச்சு தெரியுமா? பல்லு வெள்ளையும் உதட்டுச் செவப்பும் அப்படியே உசுரோட வந்துச்சு. சௌந்தரி ரெண்டு கையாலயும் வாங்கி, கன்னத்துல வச்சுக்கிட்டு. மை இன்னும் காயல, கன்னத்துல ஒட்டிருமேன்னு எனக்குப் பதறிச்சு. பாத்துக்கோங்க, அந்த நேரத்துல நான் நெனச்சது அது.

அப்புறம் கண்ணைத் தொடச்சிட்டு, "இது அழியாதுல்லா அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு.

"கம்பெனி மை. நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும்"னேன்.

ஏன் சொன்னேன்? இன்னைக்கு வரைக்கும் எனக்கே பிடிபடல. அழுதுட்டு நிக்க பிள்ளகிட்ட அழிஞ்சிரும்னு எப்படிச் சொல்ல, அதனாலதான் சொன்னேன்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். அது இல்ல. அந்த மை என் மை. அதைக் கொறச்சுச் சொல்ல எனக்கு மனசு வரல.

மாசம் திரும்பின அன்னைக்கு வீட்டுல ஜெபம் வச்சாவ. வந்தவ எல்லாரும் படத்தைப் பாத்துட்டு, எந்த ஸ்டுடியோன்னு கேட்டாவ. நம்ம அண்ணாச்சிதான்னு சௌந்தரி என்னயக் கைகாட்டிச்சு. நான் ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சிட்டு வந்தேன். போன்ல நம்பர் போட்டுப் பேசத்தான் சௌந்தரிக்குத் தெரியும், தொடுத போன் அதுக்குச் சரிப்படாது. அதனால தேவசகாயம் போனைத் தன் தம்பி ஜெபராஜுக்குக் குடுத்துச்சு. குடுக்க முன்னாடி என்கிட்ட, படம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்லா அண்ணாச்சின்னு கேட்டுச்சு. இருக்குன்னுட்டேன். தெறந்து பாத்துச் சொல்லல. ஜெபராஜ் போன்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா வச்சுக்கிட்டான். பொறவு ஒருநாள் தேடிப் பாத்தா, கம்ப்யூட்டர்ல இல்ல. நான் போனை வயர்ல மாட்டி அதுலருந்தே நேரா அடிச்சிருக்கேன். சேத்து வைக்கல.

அவிய வீட்டு ஹால் கெழக்கு பாத்த ஜன்னல். காலைல வெயில் நேரா அந்தச் சொவத்துல விழும். ஆனி மாசம் நான் எதுக்கோ போனப்ப பாத்தேன், உதடு வெளுத்திருந்துச்சு. ஆடியில கன்னம் பச்சையாத் தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் நான் அந்த ஹாலுக்குள்ள போறதில்ல. எதுன்னாலும் வெளிகேட் பக்கமே நின்னு பேசிருவேன்.

ஆவணியில ஒருநாள் சௌந்தரி வந்து, கண்ணு மங்குது அண்ணாச்சின்னு சொல்லிச்சு. என்ன செய்யுதுன்னு கேட்டேன். படத்துல அவிய முகம் வரவர சரியாத் தெரியல, அழுது அழுது கண்ணுல பூ விழுந்துட்டு போலன்னு சொல்லிச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? புரையா இருக்கும்மா, நாப்பத்தஞ்சுக்கு மேல வரும், பள்ளிக்கூடத்துல கண் முகாம் போடுதாவ, நான் கூட்டிட்டுப் போறேன்னேன்.

போனோம். கூட்டமான கூட்டம். வரிசையில நான் அதுக்கு எடம் பிடிச்சுக் குடுத்தேன், மோர் வாங்கிக் குடுத்தேன். உள்ள டாக்டர் பிள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கண்ணுல ஒரு கொறையும் இல்ல, கிட்டத்துல எழுத்து வாசிக்க மட்டும் கண்ணாடி போட்டாப் போதும்னு சொல்லிச்சு. கண்ணாடியும் அங்கேயே குடுத்தாவ. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நேரா அந்தப் படத்துக்கு முன்னால போய் நின்னுச்சு. என்னயும் உள்ள வரச் சொல்லிச்சு. நிக்கேன். அது பக்கத்துல போகுது, தள்ளி வருது, கண்ணாடியைக் கழத்தித் தொடைக்குது, மறுபடி மாட்டுது. நான் அங்கனதான் நிக்கேன், தம்பி. வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னாப் போதும். போட்டுப் பழகணும், போகப்போகச் சரியாயிரும்னுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு நெனச்சே பாக்காதது. ஐப்பசி வாக்குல என் வீட்டுக்காரி சுயம்புக்கனி சொன்னா, சௌந்தரி கஞ்சி கூடக் குடிக்க மாட்டேங்கு, மெலிஞ்சு போச்சுன்னு. என்னவாம்னு கேட்டேன். அப்பம்தான் சொன்னா. தேவசகாயம் கடைசியாப் பொறப்பட்டுப் போன அன்னைக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கான். போகாதிய, போகாதியன்னு இது தடுத்திருக்கு. அவன் கேக்கல. கோவத்துல, "அப்பம் போன எடத்துலயே கெடங்க, திரும்பி வர வேண்டாம்"னு சொல்லிட்டு. அதுதான் கடைசிப் பேச்சு. இப்பம் கண்ணுல கொறையில்லன்னு டாக்டரே சொல்லியாச்சு. கண்ணு நல்லாருக்கு, சட்டத்துக் கண்ணாடிக்குள்ள இருக்க படம், யாரும் தொடல, தண்ணி படல, முகம் மட்டும் நாளுக்கு நாள் போய்க்கிட்டே இருக்கு. அப்பம் அவியதான் முகத்தைத் திருப்பிக்கிடுதாவ, நான் சொன்ன சொல்லுக்கு என்னய விட்டுட்டுப் போறாவன்னு சௌந்தரி முடிவு கட்டிட்டு. அவிய கோயில் பாஸ்டர் ஐயருகிட்ட சொல்லி, அவிய என்னய மன்னிக்கணும்னு ஜெபம் பண்ணச் சொல்லிருக்கு.

சுயம்புக்கனி இதைச் சொல்லிட்டு அழுதா. நீங்க போய் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கன்னா. நான் சரின்னேன்.

போகல. சரிபண்ணிட்டா சொல்ல வேண்டாம்லான்னு ஒரு எண்ணம். ஜெபராஜ்கிட்ட போய் கேட்டேன், எல்லாம் அழிஞ்சு போச்சுன்னான். அசனத்துல போட்டோ எடுத்தது யாருன்னு விசாரிச்சேன், ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. கடைசியில ஒரு ஞாயித்துக்கெழமை சௌந்தரி கோயிலுக்குப் போன நேரம், சுயம்புக்கனியும் கல்யாண வீட்டுக்குப் போயிட்டா, ஆணியில தொங்கின சாவியை எடுத்துட்டுப் போய் அந்தப் படத்தைக் கழத்திக் கொண்டாந்தேன். ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல வச்சு, செவப்பைக் கூட்டி, புருவத்தைக் கறுப்பாக்கி, உதட்டுக்குக் கோடு போட்டு, நாலஞ்சு தடவை அடிச்சேன். அதே மையிலதான். வேற மை எங்கிட்ட ஏது? பத்து மணி ஆராதனை முடியறதுக்குள்ள புதுப் படத்தைச் சட்டத்துக்குள்ள போட்டு மாட்டிட்டு, சாவியை ஆணியில தொங்கவிட்டுட்டேன். பழைய படம் எங்கிட்ட. கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன், தம்பி. படத்துக்கு உசுரு வந்துட்டுன்னு சந்தோசப்படும், ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டுட்டாருன்னு நெனச்சுக்கிடும்னு நெனச்சேன். ஒரு பொம்பளையோட சாமியை வச்சு அந்த அளவுக்குப் போயிட்டேன்.

மத்தியானம் சௌந்தரி வந்துச்சு. சேலை முந்தானைக்குள்ள சட்டத்தை வச்சிருந்துச்சு. நேரா வந்து பிரிண்டர் மேசை மேல வச்சிச்சு.

"அண்ணாச்சி, இது யாரு?"

"மாப்ளதான்"னேன்.

"இது அவிய இல்ல. சாவி உங்க வீட்டுலதான் இருந்துச்சு."

சத்தமாக் கூடச் சொல்லல. அப்புறம் நான் சொன்னேன். மை பத்தி, பேரு போடாத பாட்டில் பத்தி, என் மக படம் பத்தி, கம்ப்யூட்டர்ல சேத்து வைக்காதது பத்தி. எல்லாத்தையும் தரையைப் பாத்துத்தான் சொன்னேன். நிமிந்து பாத்தா, அது கோவப்படல. வாய் கொஞ்சமாத் தொறந்து என்னயவே பாத்துட்டு இருக்கு.

"மையா?"

"ஆமாம்மா."

"வெறும் மைதானா அண்ணாச்சி?"

"வெறும் மைதான்."

அப்படியே தரையில உக்காந்துட்டு. உக்காந்து அழுதுச்சு. ஆனா அது வெசனத்துல அழுத அழுகை இல்ல. "அப்பம் அவியளுக்கு எம்மேல கோவம் இல்ல, கோவம் இல்ல"ன்னு மூணு நாலு தடவை சொல்லிச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பாருங்க, அப்பமும் எனக்கு அப்பாடான்னுதான் இருந்துச்சு. நல்லவேளை, நாம சொன்னது நல்லதாப் போச்சுன்னு.

ரொம்ப நேரம் கழிச்சு முகத்தைத் தொடச்சிட்டு, மெதுவாக் கேட்டுச்சு.

"கண் முகாமுக்குக் கூட்டிட்டுப் போனியளே. அன்னைக்குத் தெரியுமா?"

தெரியும்னேன். பொய் சொல்ல வாய் போகல.

"நான் கண்ணாடி மாட்டிட்டு நின்னேனே. பக்கத்துலதான நின்னிய."

நான் மேசையில கெடந்த ஊசிக்கு மூடி போட்டேன். பழைய படம் எங்கன்னு கேட்டுச்சு. பேப்பர்க் கட்டுக்கு அடியில வச்சிருந்தேன், எடுத்துக் குடுத்தேன். முகம்னு சொல்ல அதுல ஒண்ணும் கெடையாது தம்பி, சட்டைக் காலரும் இலையோரமும் மட்டும் கொஞ்சம் தெரியும். அதை முந்தானையால தொடச்சு, நெஞ்சோட வச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. நான் அடிச்ச புதுசு மேசையிலயே கெடந்துச்சு.

அது வாசப்படி தாண்டையில நான் ஒண்ணு கேட்டேன். இப்பம் நெனச்சாலும் ஒடம்பு கூசுது. சுயம்புக்கனிகிட்ட மட்டும் சொல்லிராதம்மா, தெருவுல யாருகிட்டயும் சொல்லிராதன்னு கேட்டேன். மன்னிச்சுக்கோன்னு கேக்கல. அதைக் கேக்க மறந்துட்டேன்.

திரும்பிப் பாத்துச்சு. "சொல்லமாட்டேன், அண்ணாச்சி"ன்னுச்சு.

இப்பம் நல்லாச் சாப்பிடுது. ஒடம்பும் தேறிட்டு. அந்த வெளிறின படத்தைத்தான் மறுபடியும் அதே சொவத்துல மாட்டிருக்கு. யாராவது கேட்டா, வெயில்பட்டு வெளுத்துட்டுன்னு சொல்லிக்கிடுது. என்கிட்ட பேச்சு வார்த்தை எல்லாம் முன்ன மாதிரியேதான், ஒரு கொறையும் சொல்ல முடியாது. யாராவது பெரிய படம் அடிக்கக் கேட்டு வந்தா, பேப்பர் இல்லன்னு சொல்லி ஸ்டுடியோவுக்கு அனுப்பிருதேன். காரணம் சொல்லுததில்ல. மனு, ஆதார் காப்பி மட்டும் அடிச்சுக் குடுப்பேன். நேத்து கூட ரெண்டு கார்ட்ரிட்ஜ் ரொப்பினேன்.

போன வாரம் தண்ணிக் கொழாய்க்கிட்ட பொம்பளைய கூடிப் பேசிட்டு இருந்தாவ. நான் நடையில உக்காந்து பேப்பர் பாத்துட்டு இருந்தேன். எதிர்த்த வீட்டுல புதுசாக் குடிவந்த பிள்ளகிட்ட சுயம்புக்கனி என்னயப் பத்திச் சொல்லிட்டு இருந்தா. எங்க வீட்டாளு மாதிரி வராதும்மா, இந்தா இந்தச் சௌந்தரிக்குக் கண்ணு தெரியலன்னதும், கூடப்பொறந்தவன் கணக்கா முகாமுக்குக் கூட்டிட்டுப் போய், நாள் முச்சூடும் நின்னு கண்ணாடி வாங்கிக் குடுத்து கூட்டியாந்தாவன்னா. எனக்குப் பேப்பர்ல எழுத்து ஒண்ணும் தெரியல. சௌந்தரி கொடத்தை எடுத்து இடுப்புல வச்சிச்சு. என் பக்கம் திரும்பல.

"ஆமா மதினி, அண்ணாச்சிதான் கூட்டிட்டுப் போனாவ"ன்னுச்சு.

குத்திச் சொல்லல தம்பி. சிரிக்கவும் இல்ல. சொல்லமாட்டேன்னு சொல்லிச்சுல்லா, அந்தச் சொல்லைக் காப்பாத்திட்டு, கொடத்தோட வீட்டுக்குள்ள போயிட்டு.